இரவல் குரல்

அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்கு வாய்த்த குரல் ஒரு அதிசயம்தான். ஆளைப் பார்த்தால் ஒல்லிப்பிச்சான். சட்டை தோளில் நிற்காது. வரிசையில் நின்றால் பின்னால் வருகிறவன் கவனிக்காமல் முன்னால் போய் நின்றுவிடுவான். ஆனால் வாயைத் திறந்தாரானால் போதும், ஹாலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். "யாராவது என் பேனாவை எடுத்தீங்களா?" என்று அவர் கேட்டால், எடுக்காதவர்கள்கூட பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். வெண்கலக் குரல் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கு வெண்கலம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

கம்பெனி செய்து விற்பது இன்குபேட்டர். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளைக் கதகதப்பாக வைத்துக் காப்பாற்றுகிற கண்ணாடிப் பெட்டி. பெட்டியில் ஏதாவது கோளாறு என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட ஒரு ஹெல்ப்லைன் உண்டு. ஜன்னலோரம் ஹெல்ப்லைன் மேஜைகள், எதிர்ப்பக்கம் கணக்குப் பிரிவு, நடுவில் ஒரு தண்ணீர் மெஷின். ஹெல்ப்லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களில் மூத்தவர் இன்ஜினியர். அந்தப் பெட்டியை வரைந்து, பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தவர்களில் ஒருவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. போனில் மட்டும் இன்னும் "ஏம்மா பொண்ணு"தான்.

"அம்மா, அங்க சார் யாராவது இருந்தா குடுங்களேன்."

தினமும் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கடையில் பெரிய சைஸ் இருக்கா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்பார்கள். ஆண்கள்தான் என்றில்லை, பெண்களும் கேட்பார்கள், பெரிய டாக்டர்களும் கேட்பார்கள். ஒருநாள் ஒரு ஆஸ்பத்திரிக்காரர் என்ன சொன்னாலும் நம்பாமல் இன்ஜினியரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இன்ஜினியர் தண்ணீர் குடிக்க வந்த வெண்கலத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இரண்டாவது ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, தன் மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் திரையில் டைப் செய்தார். வெண்கலம் அதை அப்படியே படித்தார். அந்த மனிதர், "ஆங், இப்பப் புரியுது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது. இன்ஜினியர் ஸ்டேப்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். வெண்கலம் கணக்கை மூடிவிட்டு ஓடி வருவார். ஆபீஸில் அதற்குக் குரல் கொடுக்கிறது என்று பேர்.

எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். மணிக்கணக்கில் இழுக்கிற வேலை சட்டென்று முடிகிறதே, சிரிப்பதற்கு என்ன. ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் திரையில் தான் டைப் செய்ததை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் அழிப்பார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் வெண்கலத்தைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"ஹெல்ப்லைனுக்கு ஒரு தலைவரைப் போடச் சொல்லி மேல இருந்து சொல்லிட்டாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். நீங்கதான் சரி."

"நானா? எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்."

"அதுக்குத்தான் அவங்கள்லாம் இருக்காங்களே. கஸ்டமர் எல்லாம் அந்த சாரைக் குடுங்கன்னுதான் கேக்கிறாங்க. நம்பிக்கைதான் சார் முக்கியம்."

மேனேஜர் நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் மரியாதை இல்லாமல் பேசினதில்லை. தன் பெண்ணை இன்ஜினியரிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார், அவள் வாங்குகிற மார்க்கைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவார். அப்படிப்பட்டவருக்கு அந்தத் தலைவர் நாற்காலி என்றதும் இன்ஜினியரின் ஞாபகம் வரவே இல்லை. வெண்கலத்துக்கும் வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

வெண்கலம் தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மெஷினைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? வீட்டுல ஃபியூஸ் போனா நான்தானே ஏணி மேல ஏறுறேன்."

"இத்தனை நாள் கேட்டுக் கேட்டுப் பாதி தெரிஞ்சுபோச்சு."

"மீதிப் பாதி?"

"உனக்கு எப்பவும் கேலிதான்."

"சரி சரி. உங்க அக்காவுக்குச் சொல்லியாச்சா? இல்லன்னா அதுக்கு வேற மூஞ்சியத் தூக்கிக்குவாங்க."

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அக்கா, அந்தக் குரலுக்கு இதெல்லாம் எப்பவோ வந்திருக்க வேண்டியது என்றாள். அன்று படுத்த பிறகும் வெண்கலத்துக்கு, தனக்கு நிஜமாகவே பாதி தெரியும் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்டேப்ளர் மேலே போனது.

வெண்கலம் வந்து உட்கார்ந்தபோது இன்ஜினியரின் முகம் சுருங்கியிருந்தது. ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கூப்பிட்டவர் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். இன்ஜினியர் எந்த மாடல் என்று கேட்டு முடிப்பதற்குள் சாரைக் குடுங்க என்றிருக்கிறார். பின்னணியில் அலாரம் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"வணக்கம். சொல்லுங்க" என்றார் வெண்கலம்.

"அப்பாடா. சார், நேத்துப் பொறந்த குழந்தை சார். எடை ரொம்பக் கம்மி. குழந்தையோட உடம்புச் சூடு குறையுதுன்னு பெட்டி கத்திக்கிட்டே இருக்கு. முப்பத்தஞ்சு டிகிரிக்கும் கீழ காட்டுது. இருக்கிறதே இந்த ஒரு பெட்டிதான். என்ன பண்ணட்டும் சார்?"

வெண்கலம் திரையைப் பார்த்தார். காலியாக இருந்தது. இன்ஜினியர் விரல்களைத் கீபோர்டின் மேல் வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். ஒரு எழுத்துகூட வரவில்லை. "சார்?" என்றது போன். பேசாமல் இருப்பது அந்தக் குரலுக்குப் பழக்கமில்லை. அதோடு, இதே அலாரத்துக்குப் போன வாரம் வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தான் படித்த பதில் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தலைவராகப் போகிறவர் ஒரு தடவையாவது சொந்தமாகச் சொல்ல வேண்டாமா?

"பயப்படாதீங்க. சூட்டை ரெண்டு டிகிரி ஏத்துங்க" என்றார்.

எவ்வளவு அழகாகச் சொன்னார் என்கிறீர்கள். கேட்டால் யாருக்கும் தைரியம் வந்துவிடும்.

இன்ஜினியர் கண்ணைத் திறந்தார். டைப் செய்யவில்லை. மியூட்டை எடுத்தார்.

"ஏத்தாதீங்க. பட்டன்லேர்ந்து கையை எடுங்க."

"யாரது? அம்மா, சார் சொல்லிக்கிட்டு இருக்கார்ல. நடுவுல வராதீங்க."

"உங்களுக்குப் பின்னாடி ஒருத்தங்க பேசுறாங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

"அது நர்ஸும்மா. அவங்க ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. சார், ரெண்டு டிகிரின்னுதானே சொன்னீங்க?"

பின்னால் யாரோ பேசுகிறார்களா? வெண்கலத்துக்கு அலாரமும் அந்த மனிதரின் குரலும்தான் கேட்டன. ஆனால் இன்ஜினியரின் முகத்தைப் பார்த்ததும் ஒன்று மட்டும் புரிந்துபோனது. தான் சொன்னது தப்பு. அந்தத் தப்பு இப்போது ஒரு குழந்தையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

"நான் சொன்னது தப்பு. ஏத்தாதீங்க" என்றார். "நான் இன்ஜினியர் இல்லைங்க. கணக்குப் பிரிவு. எனக்கு மெஷின் தெரியாது. இப்பப் பேசினாங்களே, அவங்கதான் இன்ஜினியர்."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"பெரியவங்க எல்லாம் இப்படித்தான் சார், தன்னடக்கமாப் பேசுவீங்க. அவசரம் சார். ஏத்திடவா?"

தன் ஆயுளில் வெண்கலம் அவ்வளவு சுத்தமான உண்மை பேசியதில்லை. அது எடுபடவில்லை. தெரியாது என்று சொன்னாலும் தெரிந்தவன் சொல்கிற மாதிரியே ஒலிக்கிற குரல். இத்தனை நாள் தன்னுடையது என்று கொண்டாடிய பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு பயங்கரமானது என்று அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

திரையில் ஒரு வரி வந்தது. நர்ஸிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

"போனை நர்ஸ்கிட்ட குடுங்க" என்று படித்தார்.

"சரி சார்." மறுபேச்சே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வெண்கலம் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்.

"மேடம், குழந்தை சுடுது" என்றது ஒரு இளம் குரல். மூச்சு வாங்கியது. "பெட்டி குளிருதுன்னு சொல்லுது, ஆனா தொட்டா சுடுது. தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன், முப்பத்தெட்டரை, இருக்கவேண்டியதே முப்பத்தேழுதான். அப்பலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. முதல்ல பெட்டியோட பக்கத்துக் கதவைத் திறந்து விடுங்க. டாக்டர் எங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்ல இன்னொரு பிரசவம். சொல்லி அனுப்பியிருக்கேன்."

"நல்லது. குழந்தை மேல ஒட்டியிருக்கிற சென்சாரை எடுத்து உங்க ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுப் பிடிங்க. நம்பர் ஏறுதா?"

"இல்ல. அப்படியே நிக்குது."

"அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. கதவு இடுக்குல எங்கயாவது மாட்டியிருக்கா?"

கொஞ்ச நேரம் அலாரம் மட்டும். பிறகு, "ஆமா மேடம். நசுங்கிப்போய் இருக்கு."

"அதான். சென்சார் செத்துப்போச்சு. குழந்தை குளிருதுன்னு நினைச்சுக்கிட்டு பெட்டி விடாம அனல் போட்டுக்கிட்டு இருக்கு. இனி அதை நம்ப வேண்டாம். முன்னாடி இடது பக்கம் ரெண்டாவது பட்டன், அழுத்திப் பிடிங்க. சென்சாரை விட்டுட்டு பெட்டிக்குள்ள இருக்கிற காத்தோட சூட்டைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனை பேர் எத்தனை தடவை சொல்கிறோம். இன்ஜினியர் நிஜமாகவே கேட்டார். கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியின் அந்த அறை முழுவதும் அவர் காதுக்குள் இருந்தது. விசிறி ஓடுவது, அதற்கடியில் ஹீட்டரின் ரீங்காரம், நர்ஸின் செருப்புச் சத்தம், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெண்கலமும் கண்ணை மூடிப் பார்த்தார். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல்தான். மெதுவாக ஒரு டக் என்ற ஒலி, அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று அடங்கியது.

"மாறிடுச்சு" என்றார் நர்ஸ்.

"மாறிடுச்சு" என்றார் இன்ஜினியர்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில் எத்தனையோ ஊர் இருக்கும். ஒரு பெட்டியின் இருபுறமும் நின்று இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது வெண்கலத்துக்கு. கோயிலுக்குள் நின்றால்கூட அவர் மனசுக்குள் அப்படி ஒரு நிசப்தம் வந்ததில்லை.

அலாரம் நின்றது. இன்ஜினியர் லைனை வைக்கவில்லை. காற்றின் சூடு எவ்வளவு காட்டுகிறது, குழந்தையின் நிறம் எப்படி, மூச்சு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நர்ஸ் மறுபடி தெர்மாமீட்டர் வைத்தார். முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் பொறுத்து, முப்பத்தேழே முக்கால். டாக்டர் உள்ளே வருகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. மெல்லிசாக, கோபமாக, ஒரு அழுகை.

"அழுறா மேடம்" என்றார் நர்ஸ்.

"அழட்டும். நல்லா அழட்டும்" என்றார் இன்ஜினியர். "சென்சார் புதுசு இன்னிக்கே அனுப்பிடுறேன். அதுவரைக்கும் தெர்மாமீட்டரை மட்டும் நம்புங்க. உங்க கையையும்."

போன் கை மாறியது.

"சார், இருக்கீங்களா? ரொம்ப நன்றி சார். நீங்க மட்டும் லைன்ல இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பதறுது. குழந்தையோட அப்பா வெளியில நிக்கிறார். அவர்கிட்டயும் சொல்றேன் சார், ஒரு பெரிய இன்ஜினியர் சார் காப்பாத்திக் குடுத்தார்னு."

வெண்கலம் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவரை விட்டுப் போகாத குரல், அன்றைக்குப் பார்த்து வரவில்லை. இன்ஜினியர் கை நீட்டி லைனை வைத்தார்.

தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். இன்ஜினியர் தம்ளரை நிரப்பிவிட்டுக் குடிக்காமலே பிடித்திருந்தார்.

"நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது மேடம். மன்னிச்சுடுங்க."

"தப்பாச் சொன்னது இருக்கட்டும் சார். உடனே ஒத்துக்கிட்டீங்க. நான் சரியாச் சொன்னேன், அது அவர் காதுலயே ஏறலை பாருங்க. அதுதான் இன்னும் ஆறலை. ஸ்டேப்ளரைத் தூக்கித் தூக்கி நானும்தானே பழக்கிவிட்டேன்."

வெண்கலத்துக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "பின்னாடி நர்ஸ் பேசினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

இன்ஜினியர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை, உண்மையான ஆச்சரியம்.

"உங்களுக்குக் கேக்கலையா?"



சாயங்காலம் மேனேஜரே கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர் ஒருவர் அவரிடம் நேரடியாகப் பேசியிருக்கிறார், புகழ்ந்து தள்ளிவிட்டாராம்.

"நான் சொல்லலை? நம்பிக்கைதான் முக்கியம்னு. நாளைக்கே அந்த நாற்காலியை உங்களுக்குப் போட்டுடலாம்."

"சார், அந்தக் கால் ரெக்கார்ட் ஆகியிருக்கும்ல? கொஞ்சம் போடுங்களேன்."

எல்லா அழைப்புகளும் பதிவாகும். மேனேஜர் தேடி எடுத்துப் போட்டார். வெண்கலத்தின் குரல் "வணக்கம். சொல்லுங்க" என்று ஒலித்ததும் மேனேஜர் ரசித்துத் தலையாட்டினார். ரெண்டு டிகிரி ஏத்துங்க என்ற இடம் வந்தது.

"என்ன நிதானம் பாருங்க" என்றார் மேனேஜர்.

"அதைக் கேட்டிருந்தா குழந்தை செத்திருக்கும் சார்."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. வெண்கலம் கை நீட்டிப் பதிவை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். "மறுபடி கேளுங்க. நான் பேசுறதை விட்டுடுங்க. அந்த ஆள் பேசுறதையும் விட்டுடுங்க. அதுக்குப் பின்னாடி யாராவது பேசுறாங்களா?"

மேனேஜர் கேட்டார். "அலாரம்தான் கேக்குது."

இன்னொரு தடவை போட்டார் வெண்கலம். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைச் சாய்த்தார். இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது தடவை, தலையை அசைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

இருந்தது. முதல் நொடியிலிருந்தே இருந்தது. மெயின்டனன்ஸ்காரர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே, அலாரத்துக்கு அடியில், ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை சுடுது. தொட்டுப் பாருங்க சார், சுடுது. பெட்டி பொய் சொல்லுது. மறுபடியும், மறுபடியும். ஒளித்துச் சொல்லவில்லை. மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டுவிட்ட பிறகு அதைத் தவிர அந்தப் பதிவில் வேறெதுவும் கேட்கவில்லை. இதையா நாம் கேட்கவில்லை என்று இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேனேஜர் பதிவை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஜன்னலோரம் இன்ஜினியர் அடுத்த அழைப்பில் இருந்தார். ஸ்டேப்ளர் மேஜையில் இல்லை.

"அவங்களைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

வெண்கலம் கதவைத் திறந்தார். இங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தால் போதும், ஹால் முழுக்கக் கேட்கும். கொடுக்கவில்லை. திறந்த கதவு வழியாக இன்ஜினியர் பேசுவது உள்ளே வந்தது.

"சார் யாரும் இல்லைங்க. இன்ஜினியர் நான்தான். என்ன ஆச்சுன்னு என்கிட்ட சொல்லுங்க."

"பேசிக்கிட்டு இருக்காங்க சார். முடியட்டும்" என்றார் வெண்கலம், அவருக்கே புதிதாக இருந்த ஒரு சின்னக் குரலில்.

மேனேஜர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் கதவருகே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.